ஆவுடை வாங்கித் தந்த புல் விதை

எங்கள் வீட்டுக்கு முகம் கிடையாது. சுவர் இருந்தது. கதவு இருந்தது. கதவிலிருந்து தெருவரைக்கும் வெறும் மண் இருந்தது. பார்த்தவர் மனதில் நிற்கும்படி ஒன்றுமில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பக்கம், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில், மல்லி விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றபோது வாங்கிக் கட்டிய வீடு. நூற்பாலையில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தை எழுதி ஓய்வு பெற்றவன் கட்டுகிற வீடு எப்படி இருக்கும்? நேராக இருந்தது. அவ்வளவுதான்.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். கையைத் தட்டிக் கூப்பிட்டேன். திரும்பி வந்தார்.

"இங்க ஒரு வீடு இருக்கிறதையே கவனிக்கல சார்," என்றார்.

நான் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் அவர் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டைக் கவனிக்காமல் யாராலும் போக முடியாது. அது ஜெபதுரை சார் வீடு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் மனைவியும் டீச்சர். கேட்டுக்கு மேலே காகிதப்பூக் கொடி வளைந்து நிற்கும். உள்ளே குரோட்டன்ஸ் தொட்டிகள், காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் நிற்பது போல உயர வரிசைப்படி நிற்கும். ஒரு தொட்டி வரிசை விலகினால் சார் அதைத் திட்டுவார் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் செல்போனில் ஒரு காணொளி பார்த்தேன். குறைந்த செலவில் வீட்டு முகப்பை அழகாக்குவது எப்படி என்று தலைப்பு. ஒருவர் வெறும் மண்தரையைப் பாட்டு முடிவதற்குள் சோலையாக்கிவிட்டார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் எழுந்து நின்று சொன்ன முடிவுகள் குறைவு.

"ஆவுடை. நம்ம வீட்டு மொகப்ப மாத்தப் போறேன்."

என் மனைவி ஆவுடைத்தாய் முறத்தில் பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன், மொகப்புக்கு என்ன?"

"ஒண்ணுமே இல்ல. அதான் கொற."

"ஒண்ணுமில்லாம இருந்தாத்தான ஒண்ணு வைக்க முடியும். நானே கேக்கணும்னு இருந்தேன். அந்த எடத்த எனக்குக் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"அண்ணன்தான் நெலத்த விட்டுட்டாரே."

அவளுடைய அண்ணன் சோலைச்சாமிக்கு நரிக்குடிக்கு அங்கிட்டு மானாவாரி நிலம். அதை மொத்தமாகச் சோலார்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். குதிரைவாலி நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிப் பலகைகள் நிற்கின்றன. மழை வேண்டாம், களை வேண்டாம், வெயில் ஒன்று போதும் என்கிற வெள்ளாமை. அண்ணனுக்கு நிம்மதி. தங்கைக்குத்தான் தூக்கம் போனது.

"எங்க அய்யா வச்சிருந்த குதிரவாலி வெத அண்ணன் வீட்டுல ஒரு பானை இருக்கு," என்றாள் ஆவுடை. "போன வருசமே வெதைக்கல. இந்த வருசமும் மண்ணுல விழலைன்னா மொளைப்பு செத்துப் போகும். அப்புறம் அந்த வெத இல்லவே இல்லைன்னு ஆயிரும். கொஞ்ச எடம் போதும். ஒரு வெள்ளாமை எடுத்துட்டா வெத புதுசாயிரும்."

"வீட்டுக்கு முன்னால வெள்ளாமையா? பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"இவுக வீட்ல சாப்பாடு உண்டுன்னு நெனப்பான்."

"பின்னால போட்டுக்கோ."

"பின்னால செப்டிக் டேங்குதான் இருக்கு. அது மேல வெதைக்கவா?"

"முடிவு பண்ணிட்டேன் ஆவுடை. முன்னால அழகு மட்டும்தான். திங்கிறது எதுவும் மொளைக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பருப்பைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள், கல் எங்கே கிடக்கிறது என்று.

"சரி," என்றாள்.

வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல்லை எடுத்தேன். பாதி மண்ணில் புதைத்து, சாய்த்து வைத்து, வாசல் வரை இரண்டு பக்கமும் பல் வரிசை போல ஒரு பாதை போட்டேன். ஒன்று விட்டு ஒன்று வெள்ளை அடித்தேன். பஞ்சர் கடையில் கேட்டுப் பழைய லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு மஞ்சள் பெயிண்ட். நடுவில் ஒரு சோற்றுக் கற்றாழை. காலி பெயிண்ட் டப்பாக்களில் ஜெபதுரை சார் கொடுத்த குரோட்டன்ஸ் குச்சிகள். செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அழகு என்று சொல்லும்படி இருந்ததா என்பதை ஜெபதுரை சார் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்.

"சார், அந்த டயர் மேல ஏறி நின்னு ஒருத்தர் கை காட்டினா டிராபிக் நல்லாப் போகும்."

அப்போதுதான் புரிந்தது. குறை டயரில் இல்லை. டயரைச் சுற்றிலும் பச்சை இல்லை. காணொளியில் பாதைக்கு இரண்டு பக்கமும் புல்வெளி இருந்தது. புல்வெளி வேண்டும்.

மதுரை ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனேன். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தார்கள். சதுர அடிக் கணக்கில் விற்றார்கள். விலையைக் கேட்டதும் உட்கார இடம் தேடினேன். தினமும் காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார் நர்சரிக்காரர். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. எப்போது வரும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். வந்ததும் குடத்தோடு ஓடுவோம். முடிந்ததும் அடுத்ததைப் பற்றிப் பேசுவோம். இதில் புல்லுக்கு எங்கே போவது? டிவிஎஸ் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆவுடை காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் வேலை இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"புல்லு வாங்கலையா?"

"வெல கட்டாது. தண்ணியும் காணாது."

"தண்ணியே ஊத்த வேணாம், மழையே போதும், காசும் வேணாம்னு ஒரு புல்லு இருந்தா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"எங்க ஊருப் பக்கம் இருக்கு. வெத நான் வாங்கித் தாரேன்."

"பச்சையா இருக்குமா?"

"கண்ணுக்குள்ளயே நிக்கும்."

"அடர்த்தியா வருமா?"

"கால் வைக்க எடம் இருக்காது."

"புல்லுதான?"

"புல்லு வகைதான். உங்க செல்லுலயே வேணும்னாக் கேட்டுப் பாருங்க."

ஆவுடை பொய் சொல்ல மாட்டாள். கடைசிவரை கூட இருந்தவன் சொல்கிறேன். இப்போது அவளைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை. அன்று அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

நீங்கள் எனக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் நூற்பாலை ஊரில் பிறந்து வளர்ந்தவன். பஞ்சு தெரியும். நூல் தெரியும். குதிரைவாலியைச் சோறாகத் தெரியும். வெள்ளையாகத் தட்டில் வந்து விழுகிற ஒரு பொருள் உமியோடு எப்படி இருக்கும், செடியாக எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. ஆவுடை ஒரு துணிப்பையில் கொண்டுவந்தது பழுப்பாக, பொடியாக, பளபளப்பாக இருந்தது. காணொளியில் வந்த புல் விதையும் பொடியாகத்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

விதைப்பதற்கு முன்னால் மண்ணுக்குச் சத்து வேண்டும் என்றாள். செலவாகுமே என்றேன். ஆகாது என்றாள். புரட்டாசி வெயிலில் ஒரு மத்தியானம் கண்ணயர்ந்திருந்தவன் 'மே' என்ற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். என் முகப்பு முழுவதும் செம்மறி ஆடு. வெள்ளையடித்த செங்கல் பாதை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மஞ்சள் டயருக்குள் ஒரு கிடா உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்காரர் எங்கள் வாசல்படியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆவுடை, என்ன இது?"

"நரிக்குடிப் பக்கம் போற கெடை ஆடு. செவத்து நெழல்ல செத்த நேரம் நின்னுட்டுப் போகட்டும்னு நான்தான் சொன்னேன். பாவம்ல, வாயில்லாச் சீவன்."

"வாய் இல்லாமலா என் குரோட்டன்ஸத் திங்குது?"

ஜெபதுரை சார் தலை மதிலுக்கு மேலே வந்தது. மூக்கைக் கைக்குட்டை மூடியிருந்தது.

"சார், சந்தை கூடியிருக்கா?"

"மண்ணுக்குச் சத்து சார்," என்றாள் ஆவுடை. "டவுனுல இதப் பாக்கெட்டுல கட்டி விக்கிறாங்க. நமக்குச் சும்மா போட்டுட்டுப் போகுது."

சும்மா என்ற சொல் எனக்குப் பிடித்தது. ஆடுகள் போயின. அவை விட்டுப்போனதை மண்ணோடு சேர்த்துக் கொத்தச் சொன்னாள். கொத்தினேன். காணொளியில் அந்த மனிதரும் கொத்தினார், ஆனால் அவருக்குப் பின்னால் பாட்டு ஓடியது.

விதைக்கிற அன்று பையைக் கிழக்குப் பார்த்து வைத்துக் கும்பிட்டாள்.

"புல்லுக்கு எதுக்குக் கும்புடு?"

"மண்ணுல விழுகிறது எதுன்னாலும் கும்பிட்டுத்தான் போடணும். இந்தாங்க, உங்க கையாலயே வெதைங்க."

"நானா?"

"உங்க புல்லுதான?"

அள்ளி வீசினேன். ஒரே இடத்தில் கும்பலாக விழுந்தது.

"அப்படி இல்லங்க. விரலு சந்துல விட்டு விசிறுங்க. கையெழுத்துப் போடுற கைதான, கொஞ்சம் வளைங்க."

விசிறினேன். பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தும்முகிறாள் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் முகப்பு முழுக்கப் பச்சை. மெல்லிசாக, நெருக்கமாக, பனித்துளியோடு. எங்கள் வீட்டுக்கு முகம் வந்துவிட்டது. நாற்காலியை எடுத்து வெளியே போட்டேன். பேப்பரை விரித்தேன். படிக்கவில்லை. போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களா என்று பேப்பருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தார்கள். ஜெபதுரை சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மாணவனின் நோட்டில் தப்பு தேடுகிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"ஊட்டியில பார்த்திருக்கேன்," என்றார். "அருப்புக்கோட்டையில இப்பத்தான் பாக்குறேன். எந்த நர்சரி சார்?"

"சொந்த ஏற்பாடு," என்றேன். எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

உள்ளே வந்து ஆவுடையிடம் சொன்னேன். "பாத்தியா? இந்த எடத்துல போய்க் குதிரவாலி போடணும்னு நின்ன."

"ஆமா," என்றாள். "நல்லவேளை, நீங்க பெலமாச் சொல்லிட்டீங்க."

கொஞ்ச நாளில் களை எடுக்க வேண்டும் என்றாள். பெரிய பங்களாக்களிலும் எடுப்பார்களாம். எது களை என்று கேட்டேன். குனிந்து காட்டினாள்.

"இந்தா, தரையோட படந்து கணுக் கணுவா ஓடுது பாருங்க, அருகம்புல்லு. இதத்தான் விடவே கூடாது. வேரோட வரணும்."

சாயங்காலம் தோறும் ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து அருகம்புல்லைப் பிடுங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடுங்கியதைத் தெருமுனைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினேன். அந்தப் பருவத்தில் அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே அதிக அருகம்புல் கண்ட பிள்ளையார் அவர்தான். ஜெபதுரை சார் ஒரு நாள் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், கோயமுத்தூர்ல எங்க மச்சினர் வீட்டு முன்னால லான் போட்டிருக்காரு. அது இந்த மாதிரி இல்ல. நீங்க பிடுங்கிப் போட்டிருக்கீங்களே, அந்த மாதிரி இருந்துச்சு."

"அது களை சார்."

"அவரு காசு குடுத்து வாங்கினாரே."

"ஏமாந்திருப்பாரு," என்றேன். மனம் இரங்கியது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு யார் சொல்வது?

புல் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. காணொளியில் கணுக்காலோடு நின்றிருந்தது. ஒரு பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆவுடை அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கத்தரியைப் பிடுங்கினாள்.

"என்ன பண்றீக?"

"வெட்டி மட்டமாக்கணும்ல."

"பருவம் வராமக் கை வச்சா அம்புட்டும் போச்சு. அறுக்கிற நாள நான் சொல்றேன். அதுவரைக்கும் கத்தரியோட அங்கிட்டு எறங்கினீங்க, உங்களுக்குச் சோறு நர்சரியிலதான்."

மார்கழியில் புல் பூத்தது. நுனியில் கொத்துக் கொத்தாக, பச்சையும் ஊதாவுமாக, குனிந்து ஆடியது. எனக்குக் கொஞ்சம் கலக்கம். ஜெபதுரை சாரிடம் போனேன். அவர் வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படித்ததாகச் சொன்னார். வெளிநாடுகளில் மாளிகைகளுக்கு முன்னால் இப்படிக் கதிர் ஆடுகிற அலங்காரப் புல் வளர்ப்பார்களாம். வெட்டவே மாட்டார்களாம்.

"உங்களுக்கே தெரியாம நீங்க எங்கேயோ போயிட்டீங்க சார்," என்றார்.

அது உண்மைதான்.

சிட்டுக்குருவிகள் வந்தன. பின்னாலேயே கிளி. ஒரு காலை பார்த்தால் முகப்பின் நடுவில் ஓர் ஆள் கையை விரித்துக்கொண்டு நின்றான். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை. உடம்பில் என் சந்தன நிறச் சட்டை.

"இது என்ன ஆவுடை?"

"செல. பெரிய தோட்டத்துல எல்லாம் செல வைக்கிறாங்கன்னு நீங்கதான படம் காட்டினீங்க."

"செலைக்கு எதுக்கு என் சட்டை?"

"செலன்னா யாராவது ஒருத்தர் மாதிரி இருக்கணும்ல."

இரண்டு நாள் கழித்துச் சிலிண்டர்காரர் வந்தார். இந்த முறை வீட்டைத் தாண்டிப் போகவில்லை. நேராக உள்ளே வந்து, "சார், சிலிண்டரு," என்று சிலையிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

பொங்கலுக்கு முன்னால் மல்லாங்கிணற்றில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. ஆவுடை கால் வலிக்கிறது என்று சொல்லி என்னை மட்டும் அனுப்பினாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தேன். முகப்பில் ஒன்றுமில்லை. அறுத்த புல்லின் அடிக்கட்டை மட்டும் குத்திக்கொண்டு நின்றது. நடுவில் சிலை. வாசல்படியில் மைத்துனர் சோலைச்சாமி காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பன்னருவாள்.

"வாங்க மாப்ள," என்றார். "அருமையா வளத்திருக்கீக. ஒரு களை இல்ல. எனக்கே இப்படி வந்ததில்ல."

"ஆவுடை, யாரு வெட்டினது?"

"நீங்கதான வெட்டணும் வெட்டணும்னு நின்னீங்க. பருவம் வந்துருச்சு, அண்ணன வரச் சொன்னேன்."

"மட்டமா வெட்டணும்னு சொன்னேன். மொட்டையடிக்கச் சொன்னேனா?"

மைத்துனர் காபித் தம்ளருக்குள் எதையோ தேடினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அறுத்த புல் கட்டுக் கட்டாகச் சுவரோரம் கிடந்தது. மாட்டுக்காரர் யாருக்காவது கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வேளைதான்.

மறுநாள் காலையில் கட்டுகளைப் பிரித்து எங்கள் வீட்டுக்கு முன்னால் தெரு ரோட்டில் நீளமாக விரித்தாள்.

"காயட்டும்," என்றாள். "ஏங்க, வத்திப்பெட்டி தீந்துபோச்சு. வண்டிய எடுத்து அண்ணாச்சி கடைக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வாங்க."

"ரோட்டுல நெறையப் பரப்பி வச்சிருக்கியே."

"அது மேலயே ஏத்திப் போங்க, பரவால்ல."

போய்விட்டு வந்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் கல்லுப்பு என்றாள். போனேன். வந்தேன். வெல்லம் என்றாள்.

"ஒரே தடவையாச் சொல்லக் கூடாதா?"

"ஞாபகம் வாரப்பத்தான சொல்ல முடியும். எனக்கும் வயசாகுதுல்ல. போறப்ப எடது ஓரம், வாரப்ப அந்த ஓரம் போங்க. ரோட்டு விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

ரோட்டு விதியில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஜெபதுரை சார் கேட்டுக்கு வெளியே நின்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், காலையில இருந்து போறீங்க, வாரீங்க. கதிரடிக்கிறீங்களா?"

"என்னது?"

அவர் குனிந்து ரோட்டிலிருந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். உள்ளங்கையில் பழுப்பாக, பொடியாக, பளபளப்பாக நின்றது.

"குதிரைவாலியாம். எங்க வீட்டு டீச்சர் இப்பத்தான் சொன்னாங்க. அவங்களுக்குப் புரட்டாசியிலேயே தெரியுமாம். தெருவுல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியுமாம்."

"உங்களுக்கு?"

"நான்தான் அலங்காரப் புல்லுன்னு சொன்னேனே," என்றார், மெதுவாக. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் குதிரைவாலியோ உளுந்தோ அறுத்தால் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து மணியை உதிர்த்துவிட்டுப் போகும். களத்து வேலையை ரோடு செய்துவிடும். நான் அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து. எங்கள் தெருவில் பஸ் வராது. அதனால் ஆவுடை இருப்பதை வைத்துச் சமாளித்திருக்கிறாள்.

வீட்டுக்குள் போனேன்.

"ஆவுடை. அது புல்லா?"

"புல்லு வகைதான்னு சொன்னேன்."

"என்ன ஏமாத்திட்ட."

"எதுல? மழையே போதும்னேன். போதுச்சா இல்லையா? காசு வேணாம்னேன். ஒத்தக் காசு கேட்டேனா? பச்சையா இருக்கும்னேன். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்களா இல்லையா?"

"திங்கிறது எதுவும் மொளைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"இத யாரு திங்கப் போறா? ஒரு மணி வாயில வைக்க மாட்டேன். அம்புட்டும் வெதைக்கு. அண்ணன் வீட்டுக்குப் பின்னால மிச்சம் கெடக்கிற துண்டுல போடுறேன்னு ஒத்துக்கிட்டாரு. அதுக்குத்தான் அய்யா வெத."

சொல்லிக்கொண்டே முறத்தில் இருந்த மணியை விரலால் அளைந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அவள் என்னை அப்படிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

வெளியே வெயில் மங்கியது. கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"பாதி இன்னும் உதிரல. நனைஞ்சா கதிருலயே மொளைச்சு வீணாப் போகும். ஏங்க, கொஞ்சம் மஞ்சப் பொடி."

எனக்கு ஒன்று விளங்கியது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சாவி என் கையில் இருக்கிறது. வண்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டேன்.

"போக மாட்டேன். மஞ்சப் பொடி வேணாம், மல்லிப் பொடி வேணாம். இன்னைக்கு இந்த வண்டி நகராது."

அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"சரி. விடுங்க. நனைஞ்சா நனையட்டும். ஒண்ணு யோசிச்சேன். அந்த மொகப்புல சிமெண்டு போட்டு மூடிரலாம்."

"எதுக்குச் சிமெண்டு? நான் நெசப் புல்லு வைக்கப் போறேன்."

"நீங்களா?"

"ஏன்?"

"இல்ல, அன்னைக்கு நர்சரியில வெலயக் கேட்டுட்டு வேர்த்துப்போய் வந்தீங்களே, அதச் சொன்னேன். டீச்சர்கூடச் சொன்னாங்க, சாருக்கு ஆச இருக்கு, கை நீளாதுன்னு. போனாலும் வெறுங்கையோடதான் வருவீங்க. வெயில்ல எதுக்கு அலையணும்?"

"யாரு வெறுங்கையோட வருவா?"

"நான் சொல்லல. டீச்சர்."

எழுந்தேன். "இப்பவே போறேன். பாய் பாயா வாங்கிட்டு வாரேன். நீயும் பாரு, டீச்சரையும் பாக்கச் சொல்லு."

வண்டியை உதைத்தேன். அவ்வளவு வேகமாக அந்த வண்டி போனதே இல்லை. தெரு முனையில்தான் தெரிந்தது, பர்ஸை வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று. திரும்பி அதே வேகத்தில் வந்தேன். பர்ஸை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். நர்சரியில் சாப்பாட்டு நேரம் என்று பூட்டிக்கிடந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்தேன், பார்த்தேன், பொறுக்கவில்லை, நர்சரி திறக்கும் வரை அங்கேயே நிற்கிறேன் என்று கத்திவிட்டு மறுபடி கிளம்பினேன். பிள்ளையார் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு, கரகரவென்று காலுக்குக் கீழே சத்தம் கேட்க, வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன்.

ஆவுடை ரோட்டோரத்தில் நின்று தூற்றிக்கொண்டிருந்தாள். நான் போகும்போதெல்லாம் கதிர்த் தாளைக் குச்சியால் புரட்டிப் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். முறத்திலிருந்து மணி சரசரவென்று விழுந்து குவிந்தது. குவியல் பானைக்கு மேல் இருந்தது. தூறல் இன்னும் விழவில்லை.

வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். மூச்சு வாங்கியது.

அவள் முறத்தை வைத்துவிட்டு வந்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஜெபதுரை சார் வண்டியிலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பெட்ரோல் பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"எல்லாக் கோவத்தையும் தீத்துறாதீங்க," என்றாள். "அந்த ஓரத்துல இன்னும் ரெண்டு கட்டுக் கெடக்கு."